வயரைப் பிடுங்கினால் வேலை செய்யும்

எங்கட வீடுகளில எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் முதல் வைத்தியம் ஒண்டுதான்: "ஓஃப் பண்ணிப்போட்டு ஓன் பண்ணிப் பார்." வைஃபை பெட்டி, ரீவி, ஃபோன், கொம்பியூற்றர் எல்லாத்துக்கும் இதே மருந்து. பாதி நேரம் சுகமாகியும் விடும். ஆனால் இந்த மருந்தில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகுவது. மற்றது, கரண்டை நிறுத்தாமல் "நீயே திரும்பத் தொடங்கு" என்று மெஷினுக்குக் கட்டளை கொடுப்பது, அதாவது றீபூட். இரண்டும் ஒன்றுதான் என்பது பொதுவான நினைப்பு. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எங்களுக்கு அது யாழ்ப்பாணத்திலிருந்து நெடுந்தீவு வரையான தூரமாக இருந்தது.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெடுந்தீவில் ஒரு குடிதண்ணீர்க் கிணற்றுக்குப் பக்கத்தில், கம்பம் ஒன்றில், உள்ளங்கை அளவான ஒரு கொம்பியூற்றர் போர்ட் வைத்திருக்கிறோம். அதற்குள் லினக்ஸ் ஓடுகிறது. ஒரு மெமறி காட், ஒரு சிம் மொடெம், ஒரு பற்றரி, மேலே சின்ன சோலர் தட்டு. கிணற்றுக்குள் இறங்கும் சென்சர் தண்ணீரின் மின்கடத்துதிறனை அளக்கும். தண்ணீரில் உப்புக் கூடினால் அந்த எண்ணும் கூடும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வரி எழுதும், மணித்தியாலத்துக்கு ஒருமுறை அதை அனுப்பும். இவ்வளவுதான் அதன் வேலை.

இது ஏன் தேவை? குடாநாட்டிலும் தீவுகளிலும் எங்களுக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. மழைத்தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் கடல்தண்ணிக்கு மேல் ஒரு வில்லை மாதிரி மிதந்துகொண்டிருக்கும். நல்ல தண்ணி பாரம் குறைவு, அதனால்தான் மிதக்கிறது. நிலத்தடி நீர் பற்றிப் படித்தவர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நல்ல தண்ணி நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நல்ல தண்ணி இருக்கும். இதைத் திருப்பிப் பாருங்கள். மேலே கொஞ்சம் இறங்கினாலே கீழேயிருந்து உவர் நிறைய ஏறும். கோடையில் மோட்டர் போட்டு அளவுக்கு மேல் இறைத்தால் கிணறு உவராகும். உவரான கிணறு திரும்பி வர மழைக்காலம் வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஆகவே எண் ஏறத் தொடங்கும்போதே "இண்டைக்கு மோட்டர் போடாதேங்கோ, வாளியால அள்ளுங்கோ" என்று சொல்ல முடிந்தால் கிணறு தப்பும். அந்த எண் அக்கம்பக்கத்தில் ஏழெட்டு வீட்டுக்குப் போகிறது. கிணற்று வீட்டு அக்காதான் அதைப் பார்த்து மற்றவர்களுக்குச் சொல்பவர்.

சிம் மொடெம்கள் நாட்கணக்கில் தொடர்ந்து ஓடினால் சிலவேளை சிக்கிக்கொள்ளும். அதனால் ஞாயிறு இரவு 12 மணிக்கு முழு போர்ட்டும் தானாக றீபூட் ஆகும்படி வைத்திருந்தோம். பல மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. பழைய மெமறி காட் எழுதி எழுதித் தேய்ந்துபோக, மே மாதம் புதிய, நல்ல வேகமான காட் ஒன்று போட்டோம். அந்த ஞாயிறு இரவோடு பெட்டி பேச்சை நிறுத்தியது.

போனோம். நெடுந்தீவுக்குப் போவதென்றால் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, புங்குடுதீவைத் தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறை, அங்கிருந்து ஒரு மணித்தியாலம் மட்டில் படகு. சோளகக் காற்று எழும்பிய காலம் என்றால் படகு ஓடுமா இல்லையா என்பது அண்டைக்குக் காலமைதான் தெரியும். அங்கே போய்ப் பெட்டியைத் திறந்து, பற்றரி வயரைக் கழட்டி, திரும்பக் கொழுவினோம். உடனே வேலை செய்தது. லொக் எல்லாம் சுத்தம். ஒரு பிழையும் பதிவாகவில்லை. அடுத்த ஞாயிறு இரவு திரும்பவும் நின்றது. திரும்பவும் போனோம், திரும்பவும் வயர், திரும்பவும் வேலை. இரண்டாம் முறை பெட்டிக்கு வெளியே ஒரு சுவிச் பூட்டிவிட்டு வந்தோம். மூன்றாம், நான்காம் கிழமைகளில் திங்கட்கிழமை காலமை அக்காவுக்கு ஃபோன் போகும். அவர் போய் சுவிச்சை நிப்பாட்டி, பத்து எண்ணி, திரும்பப் போடுவார்.

நான்காம் திங்கள் அவர் கேட்டார்: "தம்பி, உந்தப் பெட்டி எங்களைப் பாக்கிறதோ, நாங்கள் பெட்டியைப் பாக்கிறதோ?"

கேள்வி நியாயம். சுவிச் இருக்கிறதுதானே, பிரச்சினை தீர்ந்துதானே என்று எங்களில் ஒருத்தன் சொன்னான். தீரவில்லை. பிரச்சினை எங்கள் தோளில் இருந்து அக்காவின் தோளுக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு ஞாயிறு இரவுக்கும் திங்கள் காலைக்கும் இடையில் எண் இல்லை. அக்கா எங்காவது போயிருந்தால் அன்று முழுவதும் இல்லை. கிணற்றைக் காப்பாற்ற வைத்த ஒன்று, கோடையின் நடுவில், கிழமைக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

இனி, கேர்னல் எப்படி றீபூட் ஆகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கேர்னல் என்பது லினக்ஸின் உயிர்ப்பகுதி. மற்ற எல்லா மென்பொருளும் அதற்கு மேல்தான் ஓடும். றீபூட் என்றால் கேர்னல் எல்லாவற்றையும் ஒழுங்காக மூடிவிட்டு, கடைசியில் தன்னையும் முடித்து, திரும்பத் தொடங்க வேண்டும். இங்கேதான் ஒரு வேடிக்கை. தான் உட்கார்ந்திருக்கும் கதிரையைத் தானே தூக்க முடியாது. புரொசசரை றீசெற் பண்ண வெளியில் இருந்து ஏதாவது ஒன்று அதன் றீசெற் கம்பியை இழுக்க வேண்டும். 1984இல் வந்த ஐபிஎம் பீசி ஏரி கொம்பியூற்றரில் இந்த வேலையைக் கீபோட்டைக் கவனிக்கும் சின்னச் சிப்பிடம் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு கால் மிச்சம் இருந்தது, அதைப் புரொசசரின் றீசெற்றுக்குத் தொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் லினக்ஸ் கேர்னலில் 'கீபோட் சிப் வழியாக றீபூட் பண்ணு' என்று சொல்லும் தெரிவு இருக்கிறது. எங்கள் போர்ட் மாதிரி ஏஆர்எம் வகைகளில் பொதுவான ஒரு வழி இல்லை. பல போர்ட்டுகளில் வோச்டோக் எனும் கடிகாரம்தான் அந்த வேலையைச் செய்கிறது. கேர்னல் அந்தக் காவல்நாய்க்குச் சாப்பாடு போடாமல் விடும், அது றீசெற் கம்பியைக் கடித்து இழுக்கும்.

ஆகவே 'றீபூட் ஆகவில்லை' என்பது ஒரு வருத்தம் அல்ல, மூன்று. ஒன்று: கேர்னல் மூடி முடிக்கவே இல்லை, ஏதோ ஒரு டிரைவரில் சிக்கி நிற்கிறது. இரண்டு: கேர்னல் முடித்துவிட்டது, ஆனால் றீசெற் கம்பியை யாரும் இழுக்கவில்லை. மூன்று: றீசெற் நடந்துவிட்டது, ஆனால் அதன் பிறகு எழும்ப முடியவில்லை. வெளியில் இருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி, செத்த பெட்டி. எது என்று தெரியாமல் கைவைத்தால் நாட்கள்தான் போகும். நல்லூரில் ஒரு நண்பன் வீட்டு மேசையில், அதே மாதிரியான இன்னொரு போர்ட்டையும், அதே கடையில் வாங்கிய அதே வகைக் காட்டையும் வைத்து இருந்தோம்.

முதல் வேலை, சீரியல் கொன்சோல். போர்ட்டில் மூன்று ஊசிகள் இருக்கும்: அனுப்புவது, வாங்குவது, நிலம். ஒரு யூஎஸ்பி சீரியல் வயரால் அதை லப்டொப்போடு இணைத்தால், திரை இல்லாத போர்ட்டும் எழுத்தில் பேசும். வேகம் 115200. ஒரு எச்சரிக்கை: 3.3 வோல்ற் வயர்தான் வேணும். 5 வோல்ற் வயரைக் கொழுவினால் போர்ட்டே போய்விடலாம். றீபூட் கட்டளை கொடுத்தோம். சேவைகள் ஒவ்வொன்றாக மூடின. கடைசி வரி வந்தது: 'றீபூட்: றீஸ்ராட்டிங் சிஸ்டம்.' அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. எங்கள் மேசையிலும் அதே சாவு! இவ்வளவு சந்தோசமாக நாங்கள் ஒரு பழுதைப் பார்த்ததில்லை. பக்கத்தில் வைத்துத் திரும்பத் திரும்ப வரவைக்க முடிகிற பழுது பாதி திருத்தின மாதிரி.

அந்தக் கடைசி வரி முதலாவது வருத்தத்தை வெட்டிவிட்டது. கேர்னல் மூடி முடித்துவிட்டுத்தான் அதைச் சொல்லும். மிச்சம் இரண்டு.

இரண்டையும் பிரிக்க விலையுயர்ந்த கருவி ஒன்றும் எங்களிடம் இல்லை. ஒரு சின்ன எல்ஈடி பல்ப் இருந்தது. போர்ட்டில் நாங்கள் விரும்பியபடி 'ஓன்' பண்ணக்கூடிய ஊசி ஒன்றில் அதைக் கொழுவி, எரியவிட்டு, பிறகு றீபூட் கொடுத்தோம். புரொசசர் உண்மையிலேயே றீசெற் ஆனால் எல்லா ஊசிகளும் பிறந்த நிலைக்குப் போகும், பல்ப் அணையும். றீசெற் ஆகாவிட்டால் பல்ப் எரிந்தபடியே இருக்கும். கடைசி வரி வந்தது. பல்ப் அணைந்தது. அப்படியென்றால் காவல்நாய் கடித்துவிட்டது, றீசெற் நடந்துவிட்டது. மூன்றாவது வருத்தம்தான்: விழுந்தது, எழும்பவில்லை.

எழும்பும்போது முதலில் ஓடுவது கேர்னல் அல்ல. சிப்புக்குள்ளேயே எரித்து வைத்த சின்ன றொம் நிரல். அது சீரியலில் பேசாது. அதன் வேலை ஒன்றுதான்: மெமறி காட்டில் இருந்து அடுத்த நிரலை வாசித்து, ஓடவிடுவது. அந்த அடுத்த நிரல்தான் முதன்முதல் எழுத்தில் பேசும். எங்களுக்கு அந்த முதல் எழுத்தே வரவில்லை. ஆகவே சந்தேகம் முழுக்க இப்போது ஒரே இடத்தில்: றொம்முக்கும் காட்டுக்கும் இடையில்.

லாச்சியில் கிடந்த பழைய காட் ஒன்றில் அதே சிஸ்டத்தை எழுதிப் போட்டோம். றீபூட் அழகாக வேலை செய்தது. பத்துத் தரம் கொடுத்தோம், பத்துத் தரமும் எழும்பியது. புதிய காட்டைப் போட்டோம், முதல் தரமே சாவு. அப்போது கேர்னல் லொக்கில் ஒரு வித்தியாசம் கண்ணில் பட்டது. பழைய காட்டை அது 'ஹை ஸ்பீட்' காட் என்று எழுதியிருந்தது. புதிய காட்டை 'அல்ட்ரா ஹை ஸ்பீட், எஸ்டிஆர்104' என்று எழுதியிருந்தது.

விசயம் இதுதான். எந்த எஸ்டி காட்டும் கரண்ட் வந்தவுடன் 3.3 வோல்ற்றில்தான் பேசத் தொடங்கும். வேகமான காட் என்றால், கேர்னல் அதனிடம் "1.8 வோல்ற்றுக்கு மாறுவோமா?" என்று கேட்கும். காட் ஓம் என்றால் இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் வேகமாகக் கதைப்பார்கள். ஆனால் இது ஒருவழிப் பாதை. மாறிய காட்டைத் திரும்ப 3.3க்குக் கொண்டுவரக் கட்டளை கிடையாது. காட்டின் கரண்டை நிறுத்தினால் மட்டும்தான் அது பழைய நிலைக்கு வரும். எங்கள் போர்ட்டில் காட்டுக்குப் போகும் கரண்ட், போர்ட்டில் கரண்ட் இருக்கும்வரை போய்க்கொண்டே இருக்கும். றீசெற் ஆனாலும் நிற்காது. ஆகவே றீபூட்டில் நடந்தது என்ன? புரொசசர் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் புதிதாகப் பிறந்து வந்து, 3.3 வோல்ற்றில் "வணக்கம்" சொன்னது. காட் ஒன்றையும் மறக்கவில்லை. அது இன்னும் 1.8இல் பழைய கதையின் நடுவில் நின்றது. ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்கவில்லை. றொம் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது.

ஊகம் சரியா என்று பார்க்க ஒரு சோதனை செய்தோம். செத்த நிலையில் போர்ட்டின் கரண்டைத் தொடாமல் றீசெற் பட்டனை மட்டும் அழுத்தினோம். அசைவில்லை. பிறகு, கரண்டைத் தொடாமலே, காட்டை மட்டும் வெளியே இழுத்து, ஐந்து எண்ணித் திரும்பச் செருகி, பட்டனை அழுத்தினோம். எழும்பியது. காட்டின் கரண்ட்தான் விசயம் என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை.

வோச்டோக் ஏன் காப்பாற்றவில்லை என்றும் இப்போது விளங்கும். போர்ட் எங்கே சிக்கினாலும் வோச்டோக் றீசெற் பண்ணி மீட்கும் என்றுதான் எல்லா இடத்திலும் சொல்வார்கள். ஆனால் அது கடிப்பது புரொசசரை மட்டும். நூறு தரம் கடித்தாலும் காட்டுக்குத் தெரியப்போவதில்லை.

இந்த இடத்தில் எனக்கு 1997 ஞாபகம் வந்தது, வாசித்த ஞாபகம்தான். அந்த வருடம் யூலை 4 அன்று நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. வானிலைத் தரவு சேகரிக்கத் தொடங்கிச் சில நாட்களில் அதன் கொம்பியூற்றர் தானாகவே திரும்பத் திரும்ப றீசெற் ஆகத் தொடங்கியது. வானிலைத் தரவு சேர்க்கும் முக்கியத்துவம் குறைந்த வேலை ஒன்று பொதுவான பூட்டு ஒன்றைக் கையில் வைத்திருக்க, மிக முக்கியமான வேலை அந்தப் பூட்டுக்காகக் காத்திருக்க, இடைத்தரமான வேலை ஒன்று நடுவில் புகுந்து நேரத்தைத் தின்றது. முக்கியமான வேலை நேரத்துக்கு முடியவில்லை என்று கண்டதும் காவல் ஏற்பாடு முழுவதையும் றீசெற் பண்ணியது. பொறியியலாளர்கள் பூமியில் இருந்த அதே மாதிரியான கருவியில் அதே பழுதை வரவைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். பிறகு சின்ன மாற்றம் ஒன்றைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். அங்கே போய் வயரைப் பிடுங்க ஆள் இல்லை. எங்களுக்கு நெடுந்தீவில் அக்கா இருந்தார். ஆள் இருப்பதால்தான் நாங்கள் நான்கு கிழமை தள்ளிப்போட முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

திருத்தம் ஒரே ஒரு வரி. போர்ட்டில் என்னென்ன இருக்கிறது என்று கேர்னலுக்குச் சொல்ல 'டிவைஸ் ட்ரீ' என்ற கோப்பு உண்டு. அதில் காட் பற்றிய பகுதியில் 'நோ-1-8-வி' என்று எழுதினால், இந்தப் போர்ட்டில் 1.8 வோல்ற் இல்லை என்று கேர்னல் எடுத்துக்கொள்ளும், மாறக் கேட்காது. காட் 3.3இலேயே இருக்கும். நட்டம்? எஸ்டிஆர்104 என்றால் செக்கனுக்கு 104 மெகாபைற் வரை, இப்போது ஆகக் கூடியது 25. கால் மணித்தியாலத்துக்கு ஒரு வரி எழுதும் பெட்டிக்கு அது எதற்கு? போர்ட் வடிவமைப்பவர்கள் இதை இன்னும் நல்லாகவும் செய்யலாம். றீசெற் நடக்கும்போது காட்டின் கரண்டும் ஒருமுறை நின்று வரும்படி சுற்றை அமைக்கலாம். அப்படி அமைத்த போர்ட்டுகளும் இருக்கின்றன. ஆனால் வந்த போர்ட்டைத்தானே நாங்கள் பாவிக்க வேண்டும்.

திருத்தியதை நம்பிவிட்டுப் படகேறவில்லை. தொடங்கியதும் ஒரு எண்ணைக் கூட்டி எழுதிவிட்டுத் திரும்ப றீபூட் ஆகும்படி ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் எழுதினோம். ஒரு சுற்றுக்கு 3 நிமிடம், 300 சுற்றுக்கு 15 மணித்தியாலம். வெள்ளி பின்னேரம் விட்டது, சனிக்கிழமை காலமை 300ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அதை மொடெம் வழியாகவே நெடுந்தீவுக்கு அனுப்பினோம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு, யோசித்துப் பாருங்கள். புதிய கோப்பு போய்விட்டது. ஆனால் அங்கே ஓடிக்கொண்டிருக்கும் காட் ஏற்கெனவே 1.8இல். றீபூட் கொடுத்தால் இன்னும் ஒருமுறை சாகும். திருத்தம் உயிர் பெற வேண்டுமென்றால் கரண்ட் ஒருமுறை நின்று வர வேண்டும். அதற்கு மென்பொருளில் வழி இல்லை. அக்காவுக்கு ஃபோன் எடுத்தோம். ஏன் எதற்கு என்று அவர் கேட்டார், சொன்னோம். காட் பழைய கதையிலேயே நிற்கிறது, புரொசசர் புதிதாகத் தொடங்குகிறது, இரண்டுக்கும் கதை ஒத்துவரவில்லை என்று.

"அப்ப எல்லாரும் சேந்து எழும்பினாத்தான் சரி எண்டுறியள்," என்றார். ஓம், அதுதான்.

நீங்களும் இப்படி ஒரு போர்ட்டை எங்காவது தூரத்தில் வைப்பதாக இருந்தால், நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். மேசையில் வைத்தே இரண்டு விதமாகவும் பாருங்கள்: வயரைப் பிடுங்கியும், கட்டளை கொடுத்தும். காட்டோ மொடெம்மோ மாற்றினால் இரண்டையும் திரும்பப் பாருங்கள். செத்துப்போனால் எங்கே நின்றது என்று முதலில் கேளுங்கள், ஏன் என்று பிறகு கேளுங்கள். ஒரு சீரியல் வயரும் ஒரு எல்ஈடியும் இருந்தாலே பெரும்பாலும் போதும். வயரைப் பிடுங்கினால் சரியாகிறது என்றால் அதைத் தீர்வு என்று எடுக்காதீர்கள், துப்பு என்று எடுங்கள். கரண்ட் நின்றால் மட்டும் மறக்கிற ஏதோ ஒன்று அந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று அது சொல்கிறது. முக்கியமாக, அந்த வயரைப் பிடுங்குவது யார் என்று பாருங்கள். அது எப்போதும் யாரோ ஒருவருடைய திங்கட்கிழமை காலை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறு இரவு 12 மணி 4 நிமிடத்துக்குப் பெட்டியிடம் இருந்து முதல் வரி வந்தது. திங்கட்கிழமை நாங்கள் அக்காவுக்கு ஃபோன் எடுக்கவில்லை. பத்து மணி போல அவரே எடுத்தார். பெட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எண் முந்தின கிழமையைவிடக் கூடியிருக்கிறது, பக்கத்து வீட்டு மோட்டரை நிப்பாட்டச் சொல்லட்டோ என்று கேட்டார்.